போக்கர் சிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் நண்பர்களோடு போக்கர் சீட்டாட்டம் ஆடுகிறவர்களும் முதல் செட் வாங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலானவை எடையில்தான் தொடங்கும்: 11.5 கிராம் வாங்கவா, 14 கிராம் வாங்கவா? நல்ல சிப்புக்கும் எடைக்கும் பெரிய தொடர்பு கிடையாது. ஏன் என்று கீழே விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

பணத்தையே மேசையில் வைத்து ஆடினால் என்ன? சிப் எதற்கு?

பரவலாக ஆடும் ஹோல்டெம் வகைப் போக்கரில், ஒருமுறை சீட்டுப் பகிர்ந்தால் நான்கு சுற்று வரை பந்தயம் நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் யார் எவ்வளவு போட்டார், நடுவில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எதிரில் இருப்பவரிடம் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். கசங்கிய நோட்டுகளில் இது தெரியாது. பத்து ரூபாய் நோட்டுக்கு அடியில் ஐந்நூறு ரூபாய் ஒளிந்திருக்கலாம். ஒரே அளவில், நிறத்தால் மதிப்பு தெரிகிற வட்டங்களை அடுக்கி வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. சிப் என்பது முதலில் ஓர் எண்ணும் கருவி. நல்லதா கெட்டதா என்று பார்க்கும்போதும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

பணமே இல்லாமல் புள்ளிக்காக ஆடுபவர்களுக்கும் சிப் வேண்டும். நம் வீடுகளில் சீட்டாட்டத்துக்குப் புளியங்கொட்டையும் தீக்குச்சியும் வைத்துக் கணக்குப் பார்த்தது இதே வேலைக்குத்தான்.

சிப் வருவதற்கு முன்னால் எதை வைத்து ஆடினார்கள்?

போக்கர் வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நியூ ஆர்லியன்ஸிலும் மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளிலும். அப்போது நாணயம், தங்கத் துகள், தங்கக் கட்டி என்று கையில் இருந்ததை வைத்து ஆடினார்கள். பிறகு எலும்பு, தந்தம், மரம் ஆகியவற்றில் வட்டங்கள் செய்தார்கள். தந்தத்தில் பூவும் பறவையும் கையால் செதுக்கிய அந்தக் காலத்துச் சிப்களைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

ஐரோப்பாவில் கதை இன்னும் பழையது. 18ஆம் நூற்றாண்டில் சீனாவின் கான்டன் துறைமுகத்தில் முத்துச்சிப்பியின் உள்தோட்டில் வட்டம், நீள்சதுரம், மீன் வடிவங்களில் ஆட்டக்காய்கள் செதுக்கி ஏற்றுமதி செய்தார்கள். வசதியான குடும்பங்கள் தங்கள் குலச் சின்னத்தை அனுப்பி, அதையே காய்களில் பொறித்து வாங்கிக்கொண்டன.

1880களில் அமெரிக்காவில் களிமண் கலவைச் சிப் வந்தது. தந்தத்தைவிட மலிவு, ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் செய்யலாம். 1930களில் கேட்டலின் என்ற பிசினில் செய்த சிப்களும் வீடுகளில் புழங்கின. பழகப் பழகத் தேன் நிறம் ஏறும் அந்தச் சிப்கள் பார்க்க அழகு. ஆனால் கேசினோ மேசையில் நிலைத்து நின்றது களிமண் கலவைதான்.

"களிமண் சிப்" என்கிறார்களே, உண்மையிலேயே களிமண்ணா?

முழுக்கக் களிமண் இல்லை. எந்தக் காலத்திலும் அப்படி இருந்ததும் இல்லை. வெறும் களிமண் வட்டம் இரண்டு முறை மேசையில் விழுந்தால் உடைந்துவிடும். களிமண், சுண்ணாம்புத் தூள், மணல் போன்ற மண் பொருட்களோடு பிணைக்கும் பொருளையும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். பழைய சிப்களில் அந்த வேலையை அரக்கு செய்தது. இன்றைய கலவையின் சரியான விகிதத்தை ஒவ்வொரு தயாரிப்பாளரும் வியாபார ரகசியமாகக் காக்கிறார்.

இதில் முக்கியமான பெயர் பால்சன். 1963இல் லாஸ் வேகாஸில் பால் எண்டி தொடங்கிய நிறுவனம் அது. தொப்பியும் கைத்தடியும் மாறி மாறி ஓரத்தில் பதிந்திருக்கும் அவர்களின் அச்சு, சிப் பிரியர்கள் தொட்டே கண்டுபிடிக்கும் அடையாளம். 2002இல் அந்த நிறுவனம் பிரான்சின் போன் நகரில் 1923 முதல் இயங்கிய பூர்கோஞ் எ கிராசே நிறுவனத்துடன் இணைந்து, கேமிங் பார்ட்னர்ஸ் இன்டர்நேஷனல் ஆனது. 2019இல் அதை ஜப்பானின் ஏஞ்சல் குழுமம் வாங்கியது. அமெரிக்கக் கேசினோவுக்குள் நுழைந்து ஒரு சிப்பைக் கையில் எடுத்தால், அது பால்சனாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அதை எப்படிச் செய்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் கலவையோடு நிறமியைச் சேர்த்து அரைக்கிறார்கள். நிறம் மேல்பூச்சு இல்லை, உள்ளேயே கலந்தது. அதனால்தான் இருபது வருடம் தேய்ந்த சிவப்புச் சிப்பும் சிவப்பாகவே இருக்கிறது. அரைத்த கலவையைச் சப்பாத்தி மாவைத் தேய்ப்பது போல உருளைகளுக்கு இடையே கொடுத்து, சீரான தடிமனில் தகடாக இழுக்கிறார்கள். அந்தத் தகட்டிலிருந்து வட்டங்களை வெட்டி எடுக்கிறார்கள்.

அடுத்தது விளிம்புப் பட்டை. சிப்பின் ஓரத்தில் தெரியும் வேறு நிறக் கட்டங்களை யாரும் வண்ணம் பூசிச் செய்வதில்லை. வட்டத்தின் விளிம்பில் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவில் வெட்டிய வேறு நிறத் துண்டை அங்கே பொருத்துகிறார்கள். இதில் பெரும்பகுதி கைவேலை. பட்டைகள் கூடக் கூட, நிறங்கள் கூடக் கூட விலையும் ஏறும். ஒரே பட்டைக்குள் இன்னொரு நிறம் வரும் வடிவங்கள் உண்டு. அவற்றுக்கு இந்த வேலையை இரண்டு முறை செய்ய வேண்டும்.

பிறகு நடுவில் பெயரும் மதிப்பும் அச்சிட்ட மெல்லிய வட்டத்தை வைத்து, எல்லாவற்றையும் உலோக அச்சுக்குள் மூடி, சூட்டோடு அழுத்துகிறார்கள். அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு வரை போகும். அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் விளிம்புத் துண்டுகள், நடு வட்டம், உடல் எல்லாம் ஒரே பொருளாக உருகிச் சேர்ந்துவிடும். வெளியே எடுத்து, ஓரத்தில் பிதுங்கிய மிச்சத்தைச் சீவி எடுத்தால் சிப் தயார்.

நல்ல சிப்பைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இங்கிருந்தே கிடைக்கிறது. நடு வட்டத்தின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தடவுங்கள். அழுத்திச் செய்த சிப்பில் நகம் எங்கும் தட்டாது. உடலில் இருக்கும் சொரசொரப்பே நடு வட்டத்தின் மேலும் தொடரும். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகம் விளிம்பில் நின்றுவிடும். அந்த ஸ்டிக்கர் ஒருநாள் உரிந்தும் வரும்.

விளிம்புப் பட்டைகள் அழகுக்காகவா?

அழகும் உண்டு. ஆனால் அடிப்படைக் காரணம் கண்காணிப்பு. அடுக்கி வைத்த சிப்பின் முகம் தெரியாது, ஓரம் மட்டும்தான் தெரியும். கூரையில் இருக்கும் கேமராவும் மேசைக்குப் பின்னால் நிற்கும் மேற்பார்வையாளரும் ஓரத்தைப் பார்த்தே மதிப்பைப் படிக்க வேண்டும். நூறு டாலர் அடுக்கின் நடுவே ஓர் ஐந்து டாலர் சிப் புகுந்தால், பட்டைகளின் வரிசை அந்த இடத்தில் உடைந்து காட்டிக்கொடுக்கும். பட்டையே இல்லாத ஒற்றை நிறச் சிப் வீட்டில் பரவாயில்லை. ஆனால் அரையிருட்டு அறையில் நீலமும் கருப்பும் ஒன்றாகத் தெரியும்போது அதன் குறை புரியும்.

செராமிக் சிப் என்றால் பீங்கானா?

இல்லை. பெயர்தான் செராமிக், பொருள் கடினமான ஒருவகைப் பிசின். 1980களின் நடுவில் வந்தது. வெள்ளை வட்டத்தை வார்த்து, அதன் முழு முகத்திலும் ஓரத்திலும் சூட்டின் மூலம் சாயத்தை உள்ளிறக்கி அச்சிடுகிறார்கள். புகைப்படம் உட்பட எதையும் அச்சிடலாம் என்பதால், நினைவுச் சிப் வெளியிடும் கேசினோக்களுக்கு இது வசதி. எடை சுமார் 10 கிராம். சொந்த வடிவமைப்பில், நியாயமான விலையில் ஒரு செட் செய்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது செராமிக்தான். முகம் தட்டையாக இருப்பதால் அடுக்கு உயரமாகவும் நேராகவும் நிற்கும்.

கடையில் "14 கிராம், கேசினோ தரம்" என்று போட்டிருக்கிறதே?

உண்மையான கேசினோக்களில் புழங்கும் களிமண் சிப்பின் எடை சுமார் 8.5 முதல் 10 கிராம்தான். 11.5, 13.5, 14 கிராம் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் சிப்கள். எடை கூட வேண்டும் என்பதற்காக உள்ளே ஓர் உலோக வட்டத்தை வைத்துச் சுற்றிலும் பிளாஸ்டிக்கை வார்த்திருப்பார்கள். அட்டையில் "களிமண் கலவை" என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதுதான்.

இந்தக் கனமான சிப் பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் சிறிய நுழைவுக் கட்டணப் போட்டியில் தகுதி பெற்று, லாஸ் வேகாஸின் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அந்த வருடம் 839 பேர் கலந்துகொண்ட போட்டியில் அடுத்த வருடம் 2,576 பேர். 2006இல் 8,773 பேர். எல்லா வீட்டிலும் போக்கர், எல்லாருக்கும் செட் வேண்டும். அலுமினியப் பெட்டியில் 300, 500 சிப் என்று சீனத் தொழிற்சாலைகளில் செய்த செட்கள் குவிந்தன. கையில் எடுத்ததும் கனமாக இருந்தால் தரமானது என்று நமக்குத் தோன்றும். அதையே விளம்பரமும் பிடித்துக்கொண்டது.

கனமான சிப்பில் தொல்லைகள் உண்டு. வழுவழுப்பாக இருப்பதால் அடுக்கு சரியும். மலிவான செட்டில் ஒவ்வொரு சிப்பும் ஒரு மயிரிழை தடிமன் மாறுவதால், இருபது சிப் அடுக்குகள் இரண்டைப் பக்கத்தில் வைத்தால் உயரம் ஒத்துவராது. எண்ணும் கருவிக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது.

அப்படியானால் வாங்கவே கூடாதா? வருடத்துக்கு நாலு முறை மொட்டை மாடியில் ஆடுவதற்கு இது போதும், தாராளமாக வாங்கலாம். ஆனால் எடைக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: இருபதை அடுக்கித் தட்டினால் சரியாமல் நிற்கிறதா, இரண்டு அடுக்குகள் ஒரே உயரமா, ஓரத்தைப் பார்த்தே நிறம் பிரித்துச் சொல்ல முடிகிறதா. இந்த மூன்றிலும் தேறினால் அது 9 கிராமாக இருந்தாலும் நல்ல சிப்.

சிப்புக்கு நிர்ணயித்த அளவு உண்டா?

நெவாடா மாநில விதிப்படி சாதாரண மேசைகளுக்கான சிப்பின் விட்டம் 1.55 அங்குலம், அதாவது சுமார் 39 மில்லிமீட்டர், தடிமன் 0.13 அங்குலம், சுமார் 3.3 மில்லிமீட்டர். பாக்கரா என்ற சீட்டாட்டத்துக்குச் சற்றுப் பெரிய 43 மில்லிமீட்டர் சிப் அனுமதி. வீட்டுச் செட்களும் பெரும்பாலும் 39 அல்லது 40 மில்லிமீட்டர்தான்.

ஐரோப்பாவில், குறிப்பாக மான்டே கார்லோ போன்ற இடங்களில், பெரிய தொகைக்கு நீள்சதுரப் பலகைகளும் உண்டு. பிளாக் என்பார்கள். ஒவ்வொன்றிலும் வரிசை எண் இருக்கும்.

எந்த நிறம் எவ்வளவு?

உலகம் முழுக்க ஒரே விதி இல்லை. அமெரிக்கக் கேசினோக்களில் பரவலான பழக்கம் இது: 1 டாலர் வெள்ளை அல்லது நீலம், 5 சிவப்பு, 25 பச்சை, 100 கருப்பு, 500 ஊதா. நியூ ஜெர்சியில் நிறத்தை அரசே விதியாக எழுதி வைத்தது, அங்கே 2.50 டாலருக்கு இளஞ்சிவப்பு, 20க்கு மஞ்சள், 1,000க்குத் தீ ஆரஞ்சு. தெற்கு கலிபோர்னியாவின் சீட்டறைகளுக்குப் போனால் எல்லாம் மாறிவிடும்: அங்கே மஞ்சள்தான் 5 டாலர், 100 டாலர் வெள்ளை. வேகாஸ் பழக்கத்தில் வெள்ளையை ஒரு டாலர் என்று நினைத்துப் போட்டால் பெரிய சேதம்.

பழைய வீட்டுச் செட்களில் மூன்றே நிறம்: வெள்ளை 1, சிவப்பு 5, நீலம் 10 அல்லது 25. நீலம்தான் உச்சம். பங்குச் சந்தையில் "புளூ சிப்" என்ற பெயர் அங்கிருந்து போனதுதான்.

சக்கரம் சுழற்றி ஆடும் ரூலெட் மேசையில் மட்டும் முறை வேறு. ஒவ்வொருவருக்கும் தனி நிறம். சிப்பில் மதிப்பு எழுதியிருக்காது. வாங்கும்போது என்ன மதிப்பு சொன்னீர்களோ அதுதான். அந்த மேசையை விட்டு எழுந்திருக்கும் முன் அங்கேயே மாற்றிவிட வேண்டும்.

கேசினோ சிப் பணமா? பையில் போட்டுக்கொண்டு வந்தால் பிறகு மாற்றலாமா?

பணம் இல்லை. நெவாடா விதி தெளிவாகவே சொல்கிறது: சிப் கேசினோவின் சொத்து, அதை வைத்திருப்பவருக்குக் கேசினோ அவ்வளவு தொகை கடன்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் மட்டுமே. வேறு கடையில் கொடுத்துப் பொருள் வாங்க முடியாது. புழக்கத்தில் இருக்கும்வரை திரும்பப் போய் மாற்றலாம். ஆனால் ஒரு வரிசைச் சிப்பைக் கேசினோ நிறுத்துவதாக அறிவித்து, அவகாசமும் முடிந்துவிட்டால் அது வெறும் வட்டம்.

இதற்குச் சிறந்த உதாரணம் லாஸ் வேகாஸின் பெலாஜியோ கேசினோ. 2010 டிசம்பர் 14 அதிகாலை, ஹெல்மெட்டைக் கழற்றாமல் துப்பாக்கியோடு உள்ளே வந்த ஒருவர், பகடை மேசையிலிருந்து 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சிப்களை அள்ளிக்கொண்டு பைக்கில் பறந்துவிட்டார். அதில் 25,000 டாலர் சிப்களும் இருந்தன. கேசினோ சில நாட்களிலேயே அந்த 25,000 டாலர் வரிசையை நிறுத்துவதாக அறிவித்தது. 2011 ஏப்ரல் 22க்குள் மாற்றிக்கொள்ள வேண்டும், அதன் பிறகு செல்லாது. அவ்வளவு பெரிய சிப்பை யார் கையில் கொடுத்தோம் என்பது கேசினோவுக்கு ஏறக்குறைய தெரியும் என்பதால், புது முகம் கொண்டுவந்தால் கேள்வி எழும். திருடியவர் அவற்றை வேறு ஆட்டக்காரர்களுக்கு விற்கப் பார்த்தார். வாங்க வந்தவர் மாறுவேடத்தில் இருந்த போலீஸ்காரர். பிப்ரவரியிலேயே கைதானார்.

போலிச் சிப் செய்ய முடியாதா?

செய்யப் பார்த்திருக்கிறார்கள். 2014 ஜனவரியில் அட்லாண்டிக் சிட்டியின் போர்கட்டா கேசினோவில் 560 டாலர் நுழைவுக் கட்டணத்தில் நடந்த போட்டியில், ஓர் ஆட்டக்காரர் 5,000 மதிப்பு கொண்ட 160 போலிச் சிப்களை மேசைக்குள் நுழைத்தார். மொத்தம் 8 லட்சம் புள்ளி. மாட்டிக்கொள்வோம் என்ற பயம் வந்ததும், மிச்சமிருந்த போலிகளை விடுதி அறையின் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். சிப் கரையாது. குழாய் அடைத்துக்கொண்டது. கீழ்த்தளத்தில் தண்ணீர் ஒழுகியது. குழாயைத் திறந்து பார்த்தவர்கள் சிப்களைக் கண்டார்கள். 27 பேர் மிச்சமிருந்த நிலையில் போட்டி நின்றது. அவருக்கு ஐந்து வருடச் சிறை.

அது போட்டிச் சிப்பில் நடந்தது. பணச் சிப்பில் பாதுகாப்பு அதிகம். புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் குறிகள் இருக்கும். அச்சும் பட்டை வடிவமும் ஒவ்வொரு கேசினோவுக்கும் தனி. உயர் மதிப்புச் சிப்களின் உள்ளே ஆர்எஃப்ஐடி என்ற சிறிய மின்னணுத் துண்டும் இருக்கும். 2005இல் திறந்த வின் லாஸ் வேகாஸ் கேசினோ முதல் நாளிலிருந்தே இதைப் பயன்படுத்தியது. மேசைத் துணிக்கு அடியில் இருக்கும் ஆன்டெனா ஒவ்வொரு சிப்பின் எண்ணையும் படிக்கும். திருடு போன எண்களைக் கணினியில் குறித்துவிட்டால், மாற்ற வரும் இடத்தில் அது செல்லாது.

மேசையை நடத்தும் டீலர்கள் அவ்வளவு வேகமாக எப்படி எண்ணுகிறார்கள்?

அவர்கள் பெரும்பாலும் எண்ணுவதில்லை, அளக்கிறார்கள். ஒரு அடுக்கிலிருந்து ஐந்தை மட்டும் எண்ணிப் பிரித்து வைப்பார்கள். பிறகு மிச்ச அடுக்கை அதன் பக்கத்தில் ஒட்டிவைத்து, ஆள்காட்டி விரலை முதல் அடுக்கின் உச்சியில் தேய்த்தபடி இழுத்தால், அந்த உயரத்துக்கு மேல் இருப்பவை விரலோடு வந்துவிடும். கீழே நிற்பது ஐந்து. இப்படியே நான்கு ஐந்துகள் போட்டால் இருபது. பிரித்ததை மேசையில் விரித்து வைத்து, கேமராவுக்கும் ஆட்டக்காரருக்கும் காட்டிய பிறகுதான் தள்ளுவார்கள். கையை எடுக்கும்போது உள்ளங்கையைத் திருப்பிக் காட்டுவது எதையும் ஒளிக்கவில்லை என்பதற்காக.

தடிமன் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இதைப் பார்த்தால் புரியும். புதுச் சிப் இருபது அடுக்கினால் சுமார் 66 மில்லிமீட்டர் உயரம். வருடக்கணக்கில் தேய்ந்தவற்றின் அடுக்கு அதைவிடக் குட்டையாக நிற்கும். இரண்டையும் கலந்துவிட்டால் விரல் ஏமாந்துவிடும்.

இருபது சிப் ஒரு குழல். ஐந்து குழல் ஒரு தட்டு. நூறு நூறாகப் பிளாஸ்டிக் தட்டில் வைப்பதும் எண்ணாமல் எண்ணத்தான்.

போட்டியில் என் முன்னால் 60,000 சிப் வைக்கிறார்களே, அது அவ்வளவு பணமா?

இல்லை. போட்டிச் சிப்புக்குப் பண மதிப்பே கிடையாது. வெளியே எடுத்துப் போனால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 10,000 டாலர் கட்டினால் 60,000 சிப் தருகிறார்கள். அது வெறும் புள்ளி. உங்கள் சிப் இரட்டிப்பானால் பரிசு வாய்ப்பும் அப்படியே இரட்டிப்பாகிவிடாது. பரிசுத் தொகை பல இடங்களுக்குப் பிரிவதால், ஜெயிக்கும் ஒவ்வொரு சிப்பைவிடவும் இழக்கும் சிப்புக்கு மதிப்பு அதிகம். கடைசி ஒரு சிப்தான் எல்லாவற்றிலும் விலைமதிப்பானது. அது போனால் நீங்கள் வெளியே.

1982இல் ஜாக் ஸ்ட்ராஸ் இதை நிரூபித்தார். முதன்மைப் போட்டியில் எல்லாம் போய்விட்டது என்று எழுந்தவரின் மேசையில் ஒரே ஒரு 500 சிப் மிச்சம் கிடந்தது. "ஆல்-இன்", அதாவது இருப்பதெல்லாம் பந்தயம், என்று வாயால் சொல்லவில்லை என்பதால் தொடர்ந்து ஆட விட்டார்கள். அந்த ஒரு சிப்பிலிருந்து ஏறி, பட்டத்தையும் 5,20,000 டாலரையும் வென்றார்.

சிறிய சிப்களை நடுவில் எடுத்துவிடுகிறார்களே, அப்போது சில்லறை என்ன ஆகும்?

சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் பந்தயத்துக்கு பிளைண்ட் என்று பெயர். அது ஏறிய பிறகு 25 சிப்புக்கு வேலை இல்லை, மேசையை அடைத்துக்கொள்ளும். அதனால் அவற்றை 100ஆக மாற்றிக் கொடுப்பார்கள். உங்களிடம் ஏழு இருந்தால், நான்குக்கு ஒரு 100 வரும், மூன்று மிச்சம். எல்லாருடைய மிச்சத்தையும் கூட்டினால் எத்தனை 100 வருமோ அத்தனை சிப்பை எடுத்து வைத்து, ஒவ்வொரு மிச்சச் சிப்புக்கும் ஒரு சீட்டு போடுவார்கள். பெரிய சீட்டு வந்தவருக்கு ஒரு 100. ஒருவருக்கு இதில் ஒன்றுக்கு மேல் கிடைக்காது. இந்த மாற்றத்தால் யாரும் ஆட்டத்தை விட்டு வெளியேறவும் கூடாது. ஒரே ஒரு 25 மட்டும் வைத்திருந்தவருக்குச் சீட்டில் எதுவும் வராவிட்டாலும் ஒரு சிப் கொடுத்துவிட வேண்டும்.

வீட்டு ஆட்டத்துக்கு எத்தனை சிப் வேண்டும்?

ஆறு பேர் என்றால் 300 போதும். பத்துப் பேர் போட்டி வைத்தாலும் சரியாகப் பிரித்தால் 300க்குள் முடிக்கலாம். நான் பரிந்துரைக்கும் பிரிவு, ஆளுக்கு 5,000 புள்ளி: 25இல் எட்டு, 100இல் எட்டு, 500இல் நான்கு, 1,000இல் இரண்டு. ஆளுக்கு 22 சிப்; பத்துப் பேருக்கு 220. மிச்சம் 80 சிப், தோற்றுத் திரும்ப வருகிறவர்களுக்கும் சில்லறை மாற்றவும். பிளைண்ட் 25/50இல் தொடங்கினால் நிதானமாக ஆட இடம் இருக்கும்.

பெரும்பாலானோர் சின்னச் சிப்பை அதிகம் வாங்கிப் பெரியதில் குறைத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் 25கள் வெளியே போய்விடும். கடைசியில் தேவைப்படுவது 500உம் 1,000உம்தான். எண் அச்சிடாத செட் கிடைத்தால் இன்னும் நல்லது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மதிப்பை நீங்களே வைத்துக்கொள்ளலாம். அப்புறம், நிறத்துக்கான மதிப்பை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி மேசை அருகே வைத்துவிடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே குறையும்.

சிப்பைக் கையாள்வதில் கடைப்பிடிக்க வேண்டியது என்ன?

பெரிய மதிப்புச் சிப்பை முன்னால் தெரியும்படி வையுங்கள். பின்னால் ஒளிப்பது தவறு. பந்தயத்தை நடுக் குவியலுக்குள் வீசாதீர்கள், உங்கள் முன்னால் தனியாக வையுங்கள்; எவ்வளவு போட்டீர்கள் என்று எல்லாரும் பார்க்க வேண்டும். ஏற்ற நினைத்தால் வாயால் சொல்லுங்கள், அல்லது ஒரே அசைவில் மொத்தத்தையும் வையுங்கள். கொஞ்சம் வைத்து, எதிரியின் முகத்தைப் பார்த்து, மீண்டும் கொஞ்சம் வைப்பது செல்லாது. எதிரி பந்தயம் வைத்த பிறகு, எதுவும் சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப்பைப் போட்டால் அது "கால்" மட்டும்தான், அதாவது அவர் போட்ட தொகைக்குச் சமம்; "ரெய்ஸ்", அதாவது ஏற்றியது, ஆகாது. புதியவர்கள் அதிகம் இடறுவது இந்த விதியில்தான். ஜெயித்த சிப்பை ஆட்டம் முடியும் முன் சட்டைப் பையில் போடுவதும் கூடாது. எதிரிக்கு அதைத் திரும்ப வெல்லும் வாய்ப்பு இருக்க வேண்டும்.

விரலாலேயே இரண்டு அடுக்கை ஒன்றாகக் கோக்கிறார்களே, அதை எப்படிப் பழகுவது?

மூன்று மூன்றாக இரண்டு அடுக்கில் தொடங்குங்கள். மெத்தையோ தடித்த துணியோ அடியில் இருக்கட்டும். அடுக்குகளை ஒட்டிவைத்து, கட்டைவிரல் ஒரு பக்கம், மோதிர விரலும் சுண்டுவிரலும் மறுபக்கம். இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று அழுத்தியபடி, நடுவிரலால் இணையும் இடத்தை அடியிலிருந்து லேசாக மேலே தூக்குங்கள். அழுத்தத்தை மெல்லத் தளர்த்தினால் ஒன்றுவிட்டு ஒன்றாக விழும். தூக்குவதைவிட அழுத்துவதில்தான் விஷயம் இருக்கிறது. களிமண்ணிலும் செராமிக்கிலும் சீக்கிரம் வரும்; உலோகம் வைத்த வழவழச் சிப்பில் சறுக்கிக்கொண்டே இருக்கும்.

செட் வைத்திருப்பது சட்டப்படி தவறா?

சிப் வைத்திருப்பதோ புள்ளிக்காக ஆடுவதோ பிரச்சினை இல்லை. பணம் வைத்து ஆடும்போதுதான் சட்டம் வருகிறது, அது இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் கோவாவிலும் சிக்கிமிலும் கேசினோவுக்கு அனுமதி உண்டு, தமிழ்நாட்டில் இல்லை. இணையத்தில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்தது. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் நேரில் ஆடுவதை அனுமதிக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு ஆடுங்கள். புள்ளிக்கு ஆடினால் இந்தக் கவலையே இல்லை.

சிப் அழுக்கானால் கழுவலாமா?

கழுவலாம், கழுவவும் வேண்டும்; பத்துப் பேர் கை பட்ட, பஜ்ஜி எண்ணெய் பட்ட சிப் பிசுபிசுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு கொஞ்சம், பழைய பல் துலக்கும் பிரஷ், அவ்வளவுதான். பிளாஸ்டிக்கும் செராமிக்கும் இதைத் தாங்கும். ஸ்டிக்கர் ஒட்டிய சிப்பை ஊறவிடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். களிமண் சிப்பை ஒவ்வொன்றாகச் சட்டென்று துலக்கி உடனே துடைத்துவிட வேண்டும். காய்ந்ததும் வெளிறித் தெரியும். மினரல் ஆயிலை விரலில் தொட்டு மெல்லத் தடவி, ஒரு நாள் விட்டுத் துடைத்தால் நிறம் திரும்பிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகச் சிக்கு வாடை வரும். காய வைப்பது நிழலில், துண்டின் மேல் பரப்பி. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் எந்த வகைச் சிப்பையும் போடக் கூடாது.